செல்லுக்குள் ஒளிந்த வைரஸும் தேடிவரும் டி செல்லும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் நடக்கும் கூட்டத்தில், வைரஸே இல்லாத உடம்பு ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். சிறு வயதில் சின்னம்மை வந்துபோனவர்களுக்குள் அந்த வைரஸ் இன்னும் இருக்கிறது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் ஹெர்ப்பிஸ், பெரும்பாலான இந்தியர்களுக்குப் பால்யத்திலேயே தொற்றிவிடும் சைட்டோமெகலோ, எப்ஸ்டீன்-பார் ஆகியவையும் இதே ரகம்தான். ஒருமுறை நுழைந்துவிட்டால் ஆயுளுக்கும் வெளியேறுவதில்லை. ஆனாலும் அத்தனை பேரும் வெறுங்காலோடு விடிய விடிய நடந்து, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேருகிறார்கள்.

வைரஸை உள்ளே வைத்துக்கொண்டே நலமாக வாழும் இந்த ஏற்பாட்டில் பெரும்பங்கு டி செல் எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்களுக்கு உரியது.

கோவிட் காலத்தில் ஆன்டிபாடி என்ற சொல் டீக்கடைப் பேச்சு வரை வந்துவிட்டது. டி செல்லுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஆன்டிபாடியை அளப்பது சுலபம் என்பது அதற்கு ஒரு காரணம். ரத்தத்தை எடுத்து லேபுக்கு அனுப்பினால் மாலைக்குள் ஒரு எண் வந்துவிடும். டி செல்லை அளக்க வேண்டுமென்றால் ரத்தத்திலிருந்து செல்களை உயிரோடு பிரித்தெடுக்க வேண்டும், அவற்றுக்கு வைரஸின் துணுக்கைக் காட்ட வேண்டும், அவை என்ன செய்கின்றன என்று காத்திருந்து பார்க்க வேண்டும். சுலபமாக அளக்க முடிந்ததே முக்கியமானது என்று ஊர் நம்பிவிட்டது.

ஆன்டிபாடியின் வேலை ரத்தத்திலும் சளிப்படலத்திலும், அதாவது செல்லுக்கு வெளியே. அங்கே மிதக்கும் வைரஸை அது பற்றிக்கொள்ளும். வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வைரஸ் பெருகுவதோ செல்லுக்குள்தான். அங்கே போய்ச் சேர வேண்டிய வேலை டி செல்லுடையது.

இது வெறும் ஏட்டறிவு அல்ல என்பதற்கு அக்கி ஒன்றே போதுமான சாட்சி. தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே திருவண்ணாமலை வட்டாரத்திலும் அக்கி எழுதுவது பழைய வழக்கம். மார்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல் கொப்புளம் கிளம்பி, தீப்பட்டதுபோல் எரியும். மண்பாண்டம் செய்பவர் ஒருவரைத் தேடிப் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிச் சிங்க உருவம் எழுதுவார். இரண்டு மூன்று வாரங்களில் அக்கி ஆறிவிடும், பெயர் காவிக்குப் போகும்.

உள்ளே நடப்பது வேறு. அக்கி வெளியிலிருந்து புதிதாக ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த சின்னம்மையின் அதே வைரஸ், நரம்பு முடிச்சிலிருந்து எழுந்து, நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. ஒரு நரம்பு எந்தப் பட்டைக்கு உணர்ச்சி தருகிறதோ அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளம் எழுகிறது. வலம், இடம் என்று ஒரு பக்கத்தோடு அது நின்றுவிடுவதும் அதனால்தான். இங்கிலாந்தில் கிராமப்புற மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன், தம்மிடம் வந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965இல் இதை விளக்கினார். வைரஸ் ஏதோ ஒரு காவலில் இருக்கிறது, வயதானால் காவல் தளர்கிறது என்பது அவருடைய ஊகம். பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. எழுபது வயதுக்காரரின் ரத்தத்திலும் சின்னம்மைக்கு எதிரான ஆன்டிபாடி ஏறக்குறைய குறையாமல் இருக்கிறது. குறைந்திருப்பது அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்களின் வேகம். அக்கி கிளம்புவதும் ஆறுவதும் டி செல்களின் கையில். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும், உடம்பில் அவை மறுபடி பெருகியதும் வைரஸ் அடங்குகிறது.

நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் காவிக்காகக் காத்திருக்கும் நாட்கள் விலை மதிப்புள்ளவை. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் அக்கியின் கடுமை குறையும். கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், துணி பட்டாலே துடிக்க வைக்கும் நரம்பு வலி ஒன்று உண்டு. வயதானவர்களை முடக்கிப் போடுவது அதுதான். கண்ணருகே கொப்புளம் வந்தால் தாமதமே கூடாது, பார்வைக்கே ஆபத்து.

அக்கிக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. 2006இல் வந்த முதல் ஊசி, குழந்தைகளுக்குப் போடும் சின்னம்மை ஊசியின் பதினான்கு மடங்கு வீரியம் கொண்டது. அதுவே பாதிப் பேரைத்தான் காப்பாற்றியது. ஷிங்ரிக்ஸ் என்ற அடுத்த ஊசி வைரஸின் ஒரே ஒரு புரதத்தையும், டி செல்களைக் கிளறிவிடும் துணைப்பொருள் ஒன்றையும் சேர்த்துச் செய்யப்பட்டது. துணைப்பொருளில் தென்னமெரிக்காவின் சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டைச் சாறும் அடங்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த சோதனையில் 97 சதவீதம் பலன் தந்தது. இந்தியாவில் 2023இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு தவணை போட வேண்டும். ஒரு தவணையின் விலையே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவதால், அதிகம் தேவைப்படுகிறவர்களின் கைக்கு அது இன்னும் எட்டவில்லை.

டி செல் எப்படித் தேடுகிறது? அதற்குக் கண் இல்லை, செல்லுக்குள் நுழையும் வழியும் இல்லை. அதனால் உடம்பின் செல்கள்தான் தங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆரணி அரிசி மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்க்க மாட்டார்கள். குத்தூசியைச் செருகி ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பார்கள், உள்ளே என்ன சரக்கு என்பது தெரிந்துவிடும். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துணுக்குகளை எம்எச்சி என்ற மூலக்கூறில் ஏந்தி, இப்படித்தான் வெளிச்சுவரில் மாதிரி காட்டிக்கொண்டே இருக்கிறது. நல்ல நாளில் எல்லாம் சொந்தச் சரக்கு. வைரஸ் புகுந்த செல்லிலோ வைரஸின் துணுக்கும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பக்கத்தில் ஊர்ந்துபோகும் டி செல் அதைத் தொட்டுப் பார்க்கிறது.

பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் ஜிங்கர்நாகல் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைக் கண்டுபிடித்தார்கள். டோஹர்ட்டி கால்நடை மருத்துவம் படித்தவர், ஜிங்கர்நாகல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர். ஆய்வுக்கூடத்தில் இடநெருக்கடி என்பதால் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். மூளைக்காய்ச்சல் தரும் ஒரு வைரஸைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, அவற்றின் டி செல்களை எடுத்து, வைரஸ் புகுந்த செல்களோடு சேர்த்துப் பார்த்தபோது கொலை நடந்தது. ஆனால் அதே வைரஸ் புகுந்த வேறு வம்சத்து எலியின் செல்களை அவை தொடவே இல்லை. வைரஸ் துணுக்கு மட்டும் போதாது, அதை ஏந்தி நிற்கும் மூலக்கூறும் சொந்த வம்சத்தினுடையதாக இருக்க வேண்டும் என்று புரிந்தது. 1974இல் வெளியான இந்த ஆய்வுக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வைரஸ் ஒரே வீட்டில் அண்ணனைப் படுக்கையில் தள்ளிவிட்டுத் தம்பியை லேசான சளியோடு விட்டுவிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. துணுக்கை ஏந்தும் இந்த மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவது அவற்றில் ஒன்று.

கொலை என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. சிடி8 என்ற அடையாளம் கொண்ட டி செல், தொற்றிய செல்லோடு ஒட்டிக்கொண்டதும் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சுவரில் துளையிடும். அந்தத் துளை வழியே கிரான்சைம் என்ற நொதி உள்ளே போகும். தொற்றிய செல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு மடியும், அதற்குள் தயாராகிக்கொண்டிருந்த வைரஸ்களும் அரைகுறையாக அழியும். டி செல் அடுத்ததைத் தேடிப் போய்விடும். இன்னொரு வகை சிடி4. இது பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களைத் தூண்டுவது, சிடி8 செல்கள் பெருகவும் நீடித்து வாழவும் உதவுவது, செல்களை விழுங்கும் பேரணுக்களுக்கு வேகம் கொடுப்பது எல்லாம் இதன் வேலை. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சண்டை எல்லை மீறாமல் இழுத்துப் பிடிக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். அவற்றைக் கண்டறிந்த ஜப்பானின் ஷிமோன் சாகாகுச்சிக்கும், அவற்றை இயக்கும் மரபணுவை அடையாளம் கண்ட அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா டி செல்களும் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுகின்றன. 1961 வரை தைமஸ் ஒரு வேலையற்ற உறுப்பு என்றுதான் மருத்துவ உலகம் நினைத்திருந்தது. லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளைஞர், பிறந்த கையோடு சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை நோஞ்சானாகி, தொற்றுகளுக்குப் பலியாயின. வேறு எலியின் தோலை ஒட்டினால் எதிர்ப்பே காட்டாமல் ஏற்றுக்கொண்டன. தைமஸில் நடக்கும் தேர்வு கடுமையானது. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை, எதையுமே அடையாளம் காணத் தெரியாதவை என்று கழிக்கப்பட்டு, உள்ளே வந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. இந்தச் சுரப்பி குழந்தைப் பருவத்தில் நன்றாக இருந்து, வாலிபம் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாக மாறுகிறது. முதுமையில் புது வைரஸ் வந்தால் உடம்பு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாக ஆள் எடுக்கும் இடம் ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது.

தேர்ந்து வெளியே வரும் ஒவ்வொரு டி செல்லுக்கும் ஏதோ ஒரு துணுக்கை மட்டுமே அடையாளம் தெரியும். ஒரு குறிப்பிட்ட வைரஸ் துணுக்கைத் தெரிந்த செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்று தன் துணுக்கைச் சந்திக்க வேண்டும், பிறகு பிளந்து பிளந்து ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். இந்தச் சந்திப்பு நடக்கும் இடம் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுகள். காய்ச்சலின்போது நெறி கட்டியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் தடவிப் பார்த்துச் சொல்வது இந்த முடிச்சுகளின் வீக்கத்தைத்தான். அங்கே பெருக்கம் மும்முரமாக நடக்கிறது என்று பொருள். முதல் முறை வரும் வைரஸுக்கு எதிராக டி செல்கள் முழு அளவில் திரள ஒரு வாரம் பிடிக்கும். பல வைரஸ் காய்ச்சல்கள் ஏழெட்டு நாளில் தணிவதில் இதற்குப் பங்குண்டு. வேலை முடிந்ததும் பெருகியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்துவிடும். எஞ்சியவை நினைவு செல்களாகத் தங்கும். அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோயிலிருந்து பிழைத்த 23 பேரின் ரத்தத்தை 17 ஆண்டுகள் கழித்து அங்குள்ள விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடம் அப்போதும் இருந்தன. அதைவிடச் சுவாரசியம், அதே செல்களில் சில 2020இல் வந்த புதிய கொரோனாவின் துணுக்கையும் அடையாளம் கண்டன.

டி செல்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 1981இல் பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு, வழக்கமாக யாருக்கும் வராத ஒரு நுரையீரல் தொற்று. அவர்களைப் பரிசோதித்த மைக்கேல் காட்லீப் கவனித்தது, அவர்களின் ரத்தத்தில் சிடி4 செல்கள் காணாமல் போயிருந்ததை. எந்தக் கிருமி என்று அப்போது யாருக்கும் தெரியாது. எதைத் தின்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. சிடி4 மூலக்கூறையே வாசலாகப் பயன்படுத்தி அந்தச் செல்லுக்குள் நுழையும் எச்ஐவி பின்னால்தான் பிடிபட்டது. இளவயதுக்காரருக்கு அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனையும் செய்து பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கியதும் அதன் பிறகுதான். சின்னம்மை வைரஸின் மேலுள்ள காவல் முப்பது வயதிலேயே தளர்ந்திருந்தால், தளர்த்தியது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதலில் தெரிந்தது திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரத்தில் உள்ள வேலூரில். 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் பற்றி ஆய்வு செய்யலாமே என்றார் பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய், அவர்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்தில் ரத்த மாதிரி சேகரித்தார். மூன்று மாதங்களில் எண்பது மாதிரிகள். பாதுகாத்து வைக்க வசதியில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் எலைசா சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது தொற்று இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவில் சோதித்தபோதும் அதே முடிவு. அந்த மே மாதம் தமிழக சுகாதாரத் துறை அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. சுனிதி சாலமன் 1993இல் ஒய்ஆர்ஜி கேர் அமைப்பைத் தொடங்கிக் கடைசிவரை எச்ஐவி நோயாளிகளோடு நின்றார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய மாணவியின் பெயர் பரவலாகத் தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல உடல்நிலையில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 சிடி4 செல்கள் இருக்கும். எச்ஐவி அதைப் பல ஆண்டுகளில் கரைத்து 200க்குக் கீழே இறக்கும்போது, உள்ளே அடங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக எழும். காசநோய், வாய்ப்பூஞ்சை, கண்ணைக் குருடாக்கும் சைட்டோமெகலோ. எச்ஐவி நேரடியாகக் கொல்வது அரிது. காவலை நீக்கிவிட்டு மற்றவற்றிடம் விட்டுவிடுகிறது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனவர்களுக்குத்தான் மருந்து. அந்த எல்லை பிறகு 350, 500 என்று உயர்ந்து, 2017இல் எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உறுதியானாலே மருந்து என்றானது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட மாவட்டத் தலைநகர்களில் இந்தச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையங்களில் "என் சிடி4 இப்போ எவ்வளவு மேடம்?" என்ற கேள்வி சகஜம். பள்ளிக்கூடமே போகாதவரும் தன் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். டி செல்லைப் பற்றி ஊரில் யாருக்காவது நன்றாகத் தெரியும் என்றால் அது இவர்களுக்குத்தான்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வைரஸ் அளவு ரத்தத்தில் கண்டறிய முடியாத மட்டத்துக்கு இறங்கும், சிடி4 மறுபடி ஏறும், ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களைப் போல நீளும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். நினைவு செல் என்று மேலே சொன்னோமே, பல்லாண்டுகள் வாழும் அந்தச் சிடி4 செல்களிலேயே சிலவற்றின் மரபணுவுக்குள் எச்ஐவி தன்னை எழுதி வைத்துவிடுகிறது. உடம்பைக் காப்பதற்காக நீண்ட ஆயுள் பெற்ற செல்லே வைரஸுக்கும் நீண்ட ஆயுளைத் தந்துவிடுகிறது. எச்ஐவிக்கு முழுக் குணம் கிடைக்காமல் இருப்பதன் முக்கியச் சிக்கல் இதுதான்.

சிடி8 செல்கள் சும்மா இருப்பதில்லை. தொற்றின் முதல் வாரங்களில் அவை திரண்டதும் வைரஸ் அளவு சரிகிறது. சிலரிடம், மருந்தே இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கின்றன. அப்படிப்பட்டவர்களில் பலரிடம் பி57, பி27 என்ற வகை எம்எச்சி மூலக்கூறுகள் இருப்பது தெரிந்திருக்கிறது. மற்றவர்களிடமோ வைரஸ் தன் துணுக்குகளை மாற்றி மாற்றித் தப்பிக்கிறது, ஓயாமல் போராடிய சிடி8 செல்கள் சோர்ந்துபோகின்றன. சோர்வு என்பது இங்கே மருத்துவச் சொல். ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதுவின் குழு, நெடுநாள் வைரஸ் தொற்று உள்ள எலிகளில் இந்தச் சோர்வை இயக்குவது பிடி-1 என்ற பொத்தான் என்றும், அதை மறித்தால் செல்கள் மறுபடி வேலை செய்கின்றன என்றும் 2006இல் காட்டியது. அதே பிடி-1ஐ மறிக்கும் மருந்துகள் இன்று சென்னை மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குத் தரப்படுகின்றன.

டி செல்களைத் தூண்டி எச்ஐவியைத் தடுக்க முடியுமா என்ற முயற்சி சென்னையிலும் நடந்தது. சேத்துப்பட்டில் உள்ள அன்றைய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006 ஜனவரியில், இந்தியாவில் பரவும் சி வகை எச்ஐவியின் மரபணுத் துண்டுகளைத் தீங்கற்ற அம்மை வைரஸ் ஒன்றில் ஏற்றிய ஊசி 32 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, டி செல்களும் அசைந்து கொடுத்தன. ஆனால் முதல் கட்டச் சோதனையைத் தாண்டிப் போகவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க நிறுவனம் ஒன்றின் டி செல் ஊசி பெரிய சோதனையில் தோற்றது. டி செல் மட்டுமே போதும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

கோவிட் வந்தபோது கணக்கு மறுபடி மாறியது. 2020 மார்ச்சில் நின்ற கிரிவலத்துக்கு 2022 பங்குனிப் பௌர்ணமிக்குத்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. அதற்குச் சற்று முன், ஜனவரியில், ஒமைக்ரான் ஊரையே சுற்றி வந்திருந்தது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்றியது, அப்படியென்றால் ஊசி எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஒமைக்ரான் தன் வெளிமுட்களை மாற்றிக்கொண்டு ஆன்டிபாடிகளை ஏமாற்றியது உண்மை. ஆனால் டி செல்கள் பார்ப்பது முள்ளின் வடிவத்தை அல்ல, நறுக்கிய துணுக்குகளை. அவற்றில் பெரும்பாலானவை மாறவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அளந்தபோது, டி செல் எதிர்வினை 70, 80 சதவீதம் அப்படியே இருந்தது.

டெல்டா அலையின்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் ஊழியர்களிடம் எடுத்த கணக்கை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் கோவிஷீல்டு போட்டவர்கள். இரண்டு தவணையும் முடித்தவர்களுக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்பு 65 சதவீதம், மருத்துவமனையில் சேர்வதிலிருந்து 77, ஆக்சிஜன் தேவையிலிருந்து 92, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து 94. அந்த ஆய்வில் யாரும் டி செல்லை அளக்கவில்லை, ஆகவே புகழ் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் நோய் முற்ற முற்றப் பாதுகாப்பு கூடும் இந்தப் படிவரிசை டி செல்லின் இயல்போடு பொருந்துகிறது. வைரஸ் நுழைந்த பிறகுதான் அதற்கு வேலை. வாசலில் நிறுத்த அதனால் முடியாது, வீடு எரிவதைத் தடுக்க முடியும்.

டி செல்லின் பங்கு இன்னும் விவாதத்தில் இருப்பது டெங்குவில். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மாவட்டம்தோறும் காய்ச்சல் வார்டுகள் நிரம்பும். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனவருக்கு இன்னொன்று வந்தால் சில சமயம் முதல் தடவையைவிட மோசமாகும். பழைய வகைக்குப் பழகிய டி செல்கள் புதியதைச் சரியாகப் பிடிக்காமல் வெறும் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. கொழும்பில் ரத்ததானம் செய்தவர்களின் செல்களை இலங்கை, அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி வந்தது. டெங்கு பலமுறை வந்துபோகும் அந்த ஊரில், கடும் டெங்கு அரிதாக வரும் எம்எச்சி வகையினரிடம்தான் சிடி8 எதிர்வினை வலுவாக இருந்தது. அதாவது டி செல் காப்பாற்றுகிறது.

இந்த விவாதத்துக்குப் பின்னால் குழந்தைகளின் உயிர் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்சியா என்ற ஊசி போடப்பட்டது. முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு இது பின்னால் வரும் டெங்குவைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. அந்த ஊசியின் முதுகெலும்பு மஞ்சள் காய்ச்சல் வைரஸ். டெங்குவின் மேல்தோல் மட்டும் அதில் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. சிடி8 செல்கள் அதிகம் குறிவைக்கும் டெங்குவின் உட்புரதங்கள் அதில் இல்லை என்பது அதன் குறைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக்கும் 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டச் சோதனைக்குக் கொண்டுவந்த டெங்கிஆல் ஊசியில் நிலைமை வேறு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் உருவாக்கிய, வீரியம் குறைக்கப்பட்ட நான்கு வகை டெங்கு வைரஸ்களைக் கொண்டு அது செய்யப்பட்டது. டெங்குவின் சொந்த உட்புரதங்கள் அதில் உண்டு. ஒரே தவணை. 18 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 19 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குப் போட்டு, ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்வது திட்டம். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பருவமழையும் கொசுவும் இரண்டு முறை வந்து போகும்.